ஆயுத பூஜையன்று டைமிங் பெல்ட்

1

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜை வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. மூன்று வருடமாக இப்படித்தான். ஊரில் நீங்கள் எல்லாம் பைக்கைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை தின்றுகொண்டிருப்பீர்கள். நான் இங்கே மெல்பர்னில் கார் ஷெட்டில் மாட்டியிருக்கும் ஸ்பேனர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று ஊர் நண்பர் ஒருவர் நச்சரிக்கிறார். கங்காரு, கடற்கரை, குப்பையில்லாத சாலை என்று எதையோ எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது. நான் எழுதப்போவது ஒரு ரப்பர் பெல்ட்டைப் பற்றி.

2006-இல் எங்களிடம் இருந்தது பன்னிரண்டு வயதான ஒரு கார். அந்த வருடம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஆயில் மாற்றக் கொண்டுபோன இடத்தில் மெக்கானிக் என்ஜின் பக்கவாட்டு மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம், இரண்டையும் சேர்த்துச் சுற்றும் பல் வைத்த பெல்ட் ஒன்று. அதற்கு டைமிங் பெல்ட் என்று பெயர். பெல்ட் முழுக்க வெடிப்பு. இது அறுந்தால் உள்ளே வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு என்ஜினே போய்விடும், எப்போது அறும் என்று சொல்ல முடியாது, இந்தக் காரில் தூரப் பயணம் போகாதே என்றார். எப்போது மாற்றித் தருவாய் என்றேன். இரண்டு வாரம் கழித்து என்றார். இன்னும் நாலு இடத்துக்கு ஃபோன் செய்தேன். அங்கேயும் அதே பாட்டுத்தான்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில், என் மனைவி செல்விக்கு நர்ஸ் பதிவுக்கான செய்முறைத் தேர்வு. அந்த நேரத்துக்குப் போய்ச் சேர ரயில் கிடையாது.

2

செல்வி அச்சரப்பாக்கத்துப் பெண். செங்கல்பட்டில் பதினோரு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அப்படிப்பட்டவளை இந்த ஊர் ஏழு வருடம் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கவும் டயப்பர் மாற்றவும் வைத்திருந்தது. வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒரு கிழவருக்கு மூச்சுத் திணறியபோது இவள் கை நீட்டியதற்கு, "உனக்கு அதற்கு அனுமதி இல்லை" என்று எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். பதிவு பெற்ற இருபத்திரண்டு வயது நர்ஸ் ஒருத்தி வந்து ஆக்சிஜன் வைக்கிற வரைக்கும் இவள் சுவரோரமாக நின்றாள். அதை என்னிடம் சொன்ன அன்று அவள் சாப்பிடவில்லை.

பதிவுக்கு முதல் தடவை விண்ணப்பித்தபோது, உன் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். ஒரே ஆள்தான், எதிரே உட்கார்ந்திருக்கிறாளே! இரண்டாவது தடவை, மதிப்பெண் பட்டியலை அவள் படித்த பள்ளியே உறையில் வைத்து முத்திரையிட்டு நேராக அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்தப் பள்ளி கிளார்க் ஐந்து மாதம் எங்களை அலையவிட்டு, கடைசியில் உறையை ஒட்டாமல் அனுப்பிவைத்தார். விண்ணப்பம் தள்ளுபடி. அந்த ஆளை இப்போது பார்த்தாலும் நாலு கேள்வி கேட்பேன்.

இது மூன்றாவது தடவை. இந்தத் தேர்வைத் தவறவிட்டால் அடுத்தது எட்டு மாதம் கழித்து. அதற்குள் அவளுடைய ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழ் காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. "இந்தத் தடவ ஆவலன்னா வுட்டுடறேங்க. என்னால முடியாது," என்று அவள் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

3

சனிக்கிழமை காலையில் யோசித்திருந்தால் ஒரு வாடகைக் கார் எடுத்திருக்கலாம். கடை மதியம் பன்னிரண்டு வரை திறந்திருந்தது. எடுக்கவில்லை. திமிர்தான், வேறென்ன. எல்லாரும் இரண்டு வாரம், இரண்டு வாரம் என்று சொல்லச் சொல்ல, நாமே மாற்றிவிட்டால் என்ன என்று வீம்பு ஏறிவிட்டது. உதிரிபாகக் கடையில் பெல்ட் வாங்கினேன். நூலகத்தில் பழுதுபார்ப்புப் புத்தகம் இருந்தது, ஆனால் வீட்டுக்குத் தர மாட்டார்களாம். வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். படங்களெல்லாம் கறுப்பாக அப்பிக்கொண்டு வந்திருந்தன.

நான் அதுவரை ஒரு சைக்கிள் செயினைக்கூட மாட்டியவன் இல்லை. ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைக் கழற்றவே ஒரு மணி நேரம் ஆனது. கீழே இருந்த பெரிய போல்ட் அசைய மாட்டேன் என்றது. ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று குதித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். போல்ட் படீரென்று கழன்றபோது என் முட்டி சிமெண்டுத் தரையில் மோதியது. அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால், இரண்டு சக்கரமும் இப்போது எந்த நிலையில் நிற்கின்றன என்று அடையாளம் வைக்க வேண்டும். புதிய பெல்ட் அதே நிலையில் ஏற வேண்டும். பெயிண்டால் வை என்றது புத்தகம். வீட்டில் பெயிண்ட் இல்லை. சாமி அலமாரியிலிருந்து குங்குமத்தை எடுத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் ஒரு பொட்டு, அதற்கு நேரே என்ஜின் உடம்பில் ஒரு பொட்டு, ஆக நாலு பொட்டு வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பெல்ட்டை உருவியதும் மேல் சக்கரம் டக்கென்று சற்றுத் திரும்பிக்கொண்டது. பரவாயில்லை, பொட்டு இருக்கிறதே, நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கதவை மூடினேன்.

4

எங்கள் அப்பா லாரி மெக்கானிக். சிங்கப்பெருமாள் கோயிலில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்து ஷெட்டில் முப்பது வருடம். அவருடைய அப்பா மதுராந்தகம் பக்கத்தில் யார் யார் வயலிலோ கூலி வேலை செய்தவர். அதிலிருந்து தப்பித்து ஸ்பேனர் பிடித்தவர் எங்கள் அப்பா. அப்படிப்பட்டவருக்கு மகனாகப் பிறந்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டியபோது எனக்கு வந்த ஆத்திரம் அந்தக் கார் மேல் இல்லை. அவர் மேல்தான்.

ஷெட்டுக்குள் கால் வைக்க விடமாட்டார். ஒரு நாள் சாப்பாட்டுக் கேரியர் கொடுக்கப் போனவன் கீழே கிடந்த ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எல்லார் முன்னாலும் கன்னத்தில் ஒன்று விட்டார். "இன்னொரு வாட்டி இத தொட்ட, கைய ஒடச்சிருவேன்." அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் வீட்டில் ஃபியூஸ்கூடப் போட்டதில்லை.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் என்னைச் சேர்க்கப் பள்ளிக்கு வந்தார். ஆபீஸ் கிளார்க் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டு, அப்பாவின் கையைப் பார்த்தார். "கைநாட்டா?" என்றார். அப்பா எட்டாவது படித்தவர். எழுத்து மணி மணியாக இருக்கும். "கையெழுத்து போடுவேங்க" என்றார். "பேப்பர்ல கறை படாம போடுய்யா," என்று அந்த ஆள் பேனாவைக் கையில் தராமல் மேசையில் உருட்டிவிட்டார். அப்பா கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு என் பள்ளியில் எந்த நிகழ்ச்சிக்கு வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

வருடத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போவோம். நாங்கள் மணலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடும்போது அவர் மட்டும் அலையோரம் குந்தி, ஈர மணலை அள்ளி அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டிருப்பார். அரை மணி, முக்கால் மணி. விளையாடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

நானும் யோக்கியன் இல்லை. இங்கே ஆபீசில் உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், வாகனத் தொழில் என்று சொல்லி வைத்திருந்தேன். ஏதோ லாரி முதலாளி என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

5

ஞாயிறு காலை. எங்கள் மகள் யாழினிக்கு அப்போது பத்து வயது. தமிழில் கேட்டால் பாதி நேரம் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பருவம் தொடங்கிவிட்டது. தீபாவளியா, பொங்கலா என்று அவளுக்குக் குழம்பும். இதையாவது தெரிந்துகொள்ளட்டும் என்று நான்தான் அவளைக் கூப்பிட்டுச் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் கையில் கொடுத்தேன். நம்ம ஊரில் எப்படி என்றால், கருவிகளையெல்லாம் முதலில் நன்றாகத் துடைக்க வேண்டும், அப்புறம் பொட்டு வைக்க வேண்டும், இன்றைக்கு ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று பாடம் நடத்தினேன். நடத்திவிட்டு இட்லி சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் கம்ப்யூட்டருக்குப் பொட்டு, மிக்சிக்குப் பொட்டு, செல்வியின் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பொட்டு. ஷெட்டில் ஜாக்கி, ஸ்பேனர், இரும்புக் குழாய், ஒவ்வொன்றுக்கும் அழகாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். என்ஜினுக்குள் இருந்த இரண்டு பல்சக்கரங்களின் நடுவிலும் வட்டமாக ஒவ்வொரு பொட்டு. நான் வைத்த நாலு பொட்டையும் காணோம்.

"இங்க ஒரு சிவப்புக் கறை இருந்துச்சே, எங்க?" என்றேன்.

"அழுக்கா இருந்துச்சுப்பா. தொடைச்சிட்டுத்தான் வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன், அவள் பின்னால் நகர்ந்தாள், அது போதும். குங்குமச் சிமிழைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவள் மத்தியானம் வரைக்கும் வெளியே வரவில்லை. அந்தப் பெண் ஒரு குறையும் இல்லாமல் சொன்னதைச் செய்திருந்தது.

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். அங்கே காலை ஆறு மணிகூட ஆகியிருக்காது.

"பெல்ட்டா? என்ஜினுக்குள்ள பெல்ட்டு இன்னாத்துக்குடா?" என்றார். அவர் லாரியில் பார்த்ததெல்லாம் இரும்புப் பல்சக்கரம். விளக்கிச் சொன்னேன்.

"அத்த ஏன் நீ பிரிச்ச?"

"வேற வழியில்ல நைனா. நாளைக்கு செல்விக்குப் பரீட்ச."

"ஆயுத பூஜ அன்னிக்கி எவனாவது ஸ்பேனர எடுப்பானா? நான் முப்பது வருசத்துல ஒரு நாளு தொட்டதில்ல. மெக்கானிக்க இட்டுகினு வாடா. கைய கறுப்பாக்கிக்கவா உன்ன படிக்க வெச்சேன்?"

எனக்குத் தலைக்கு ஏறியது. "நீ சொல்லிக் குடுத்திருந்தா நான் ஏன் இப்பிடி நிக்கிறேன்? ஊரான் லாரியெல்லாம் ரிப்பேர் பண்ணியே, பெத்த புள்ளைக்கு ஒரு போல்ட்டு கழட்டச் சொல்லிக் குடுத்தியா?" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தேன். அப்பாவிடம் அந்த மாதிரி நான் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

6

டாக்சிக்குக் கேட்டுப் பார்த்தேன். விடியற்காலையில் அவ்வளவு தூரம் வர உறுதி சொல்ல முடியாது என்றார்கள். வாடகைக் கார் கடைக்கு ஞாயிறு விடுமுறை. அன்றே ரயிலில் போய் அங்கே தங்கலாம் என்றால், அந்த ஊர் லாட்ஜ் எதிலும் அறை காலி இல்லை. செல்வி படித்துக்கொண்டிருந்த குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு ஷெட்டுக்கு வந்தாள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஜெராக்ஸ் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"கம்பெனிக்காரனே அடையாளம் வெச்சிருப்பான்னு இதுல போட்டு கீதே?"

"போட்டிருக்கு. சக்கரத்துல மூணு வெட்டு தெரியுது, எது சரின்னு தெரியல. என்ஜின் பக்கத்துல ஒண்ணுமே தெரியல. பன்னிரண்டு வருச அழுக்கு."

"நவுருங்க."

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தோம், பயனில்லை. அப்புறம் அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரல் நுனியால் சக்கரத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே போனாள். வயதானவர்களுக்கு டிரிப் போட நரம்பு கிடைக்காதபோது இப்படித்தான் தேடுவாளாம்.

"மூணு வெட்டு கீது. ரெண்டு மேலாப்ல கீறுனது. இது ஆழம். இதாங்க."

பிறகு சக்கரத்துக்குப் பின்னால், என் விரல் நுழையாத இடுக்கில் கையை விட்டு, என்ஜின் உடம்பில் இருந்த எதிர் அடையாளத்தையும் கண்டுபிடித்தாள். கீழ்ச் சக்கரத்திலும் அதேபோல. அவள் விரல் வைத்த இடத்துக்கு நேரே நான் ஸ்பேனரால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். புதிய பெல்ட்டை ஏற்றி இறுக்கினோம். கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும், எங்காவது முட்டினால் நிறுத்திவிட வேண்டும் என்றது புத்தகம். சுற்றினேன். எங்கேயும் முட்டவில்லை. இரண்டு சுற்று முடிந்தபோது செல்வி மறுபடி கண்ணை மூடித் தடவிப் பார்த்து, "நேரா கீது" என்றாள். இந்தக் கைக்குத்தான் ஏழு வருடமாக அனுமதி இல்லை.

எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பியபோது மாலை ஐந்து. இரண்டு தடவை இருமிவிட்டு என்ஜின் ஓடியது. சத்தம் சீராக இருந்தது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.

"ஏங்க," என்றாள் செல்வி. "இத பாருங்க."

இரண்டு கையையும் நீட்டினாள். நகக்கண் பத்தும் கறுப்பு. விரல் ரேகைக்குள் எல்லாம் கறுப்பு. பாத்திர சோப்பு, துணி சோப்பு, பிரஷ், எதற்கும் அசையவில்லை. செய்முறைத் தேர்வில் முதல் சோதனையே கைதான். கையைக் கழுவிவிட்டு நீட்ட வேண்டும், விளக்கின் கீழே நகத்தைப் பார்ப்பார்கள். அழுக்கு இருந்தால் நோயாளி பக்கமே போக விடமாட்டார்கள். அழாத பெண் அவள். அன்று தொட்டி முன்னால் நின்று தேய்த்துத் தேய்த்து, தோல் சிவந்து, அழுதாள்.

காலையில் அப்படிக் கத்தியவன் எந்த முகத்தோடு ஃபோன் செய்வது? செய்தேன். கார் ஓடுது நைனா என்று ஆரம்பித்து, செல்வியின் கையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சோப்பு போடாத. தேங்கா எண்ணெய ஊத்தி ஊற வுடு. அப்பால சக்கரய அள்ளி தேய்க்கச் சொல்லு. பரபரன்னு தேய்க்கக் கூடாது, மெதுவா. நகத்துக்குள்ள தொடப்பக்குச்சி வுட்டு எடு. கடைசியா எலுமிச்சம்பழத் தோலு. முக்கா மணி நேரம் ஆவும். போயிரும், பயப்படாதன்னு சொல்லு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னாடா கேக்குற? தெனம் பண்ணதுதானே."

"நான் பாத்ததே இல்லையே நைனா."

"ஷெட்டுலயே முடிச்சிட்டுத்தான் வூட்டுக்கு வருவேன். நீ பாக்கக் கூடாதுன்னு தான். உன் ஸ்கூல்ல அந்த ஆளு ஒரு வாட்டி சொன்னான் இல்ல, கறை படாம போடுய்யான்னு. அன்னியிலேர்ந்து. உன் நோட்டுல கையெழுத்து கேட்டு நீட்டுவியே. அதுக்கோசரம்தான்."

தினமும் இருட்டிய பிறகுதான் வருவார். வேலை அதிகம் என்று நினைத்திருந்தேன்.

7

முக்கால் மணி நேரம் ஆனது. அவர் சொன்னபடியே போனது. அடுப்படியில் நான் செல்வியின் ஒவ்வொரு விரலாகப் பிடித்துச் சர்க்கரையைத் தேய்த்தேன். யாழினி அறையிலிருந்து வெளியே வந்து, துடைப்பக்குச்சியை ஒடித்து ஒடித்துக் கொடுத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "இட்ஸ் ஓகே" என்றாள். ஓகே இல்லை என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை விடியும் முன்பே செல்வி தானே காரை ஓட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். அந்த நூற்றுப் பத்து கிலோமீட்டரும் நான் என்ன பாடுபட்டேன் என்று எழுத ஒரு புத்தகம் வேண்டும். போய்ச் சேர்ந்துவிட்டதாக ஏழு மணிக்கு ஃபோன் வந்தது. தேர்வாளர் அம்மாள் இவள் இரண்டு கையையும் விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாளில் முதல் டிக் போட்டாராம். மற்ற டிக்குகளுக்குச் செல்விக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. தேறினாள். ஏழு வருடத்தைத் திருப்பித் தர அந்த அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் ஏதும் இல்லை என்பதால் அதை நான் கேட்கவில்லை.

அன்று நானும் ஆபீசுக்கு ரயிலில் போனேன். சர்க்கரை டப்பாவில் இன்னும் பாதி இருந்தது. எண்ணெய் இருந்தது, எலுமிச்சை இருந்தது. நான் என் கையைச் சோப்பால் கழுவியதோடு சரி.

"என்ன கை இது?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார்.

காரைப் பிரித்து மாட்டினேன் என்றேன்.

"உனக்கு எங்கேயிருந்து இதெல்லாம் தெரியும்?"

"ஒன்றும் தெரியாது. என் அப்பா லாரி மெக்கானிக்," என்றேன். அந்த ஆபீசில் சேர்ந்து ஏழு வருடத்தில் முதல் தடவையாக.

பத்து மணிக்கு மீட்டிங். இரண்டு கையையும் மேசைமேல் நன்றாக விரித்து வைத்துக்கொண்டு, முடிகிற வரைக்கும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.